குளிர் பிளாஸ்மா: வைரஸைக் கொல்லவா, காட்டிக்கொடுக்கவா?

வெப்பமில்லாப் பிளாஸ்மாவைக் கொண்டு உடலின் நோய் எதிர்ப்பாற்றலை வைரஸ் தொற்றுக்கு எதிராகத் தூண்டிவிட முடியுமா? இதுபற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கொரோனா நேரத்தில் குணமானவர்களிடம் பிளாஸ்மா தானம் கேட்டார்களே, அதுதானா இது?
– வாசகர், மதுரை

இல்லை. அது இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கியபின் மிஞ்சும் மஞ்சள் நிறத் திரவம். இது மின்னேற்றம் பெற்ற வாயு. 1928-ல் இர்விங் லாங்மியூர் இந்த வாயு நிலைக்கும் அதே பெயரைச் சூட்டினார். இரத்தத் திரவம் அணுக்களைச் சுமப்பதுபோல இது எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமக்கிறது என்று அவருக்குத் தோன்றியதாம். அன்று தொடங்கிய பெயர்க் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. நீங்கள் சொல்லும் தானப் பிளாஸ்மாவை ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்தது. நோய் முற்றுவதையும் இறப்பையும் அது குறைக்கவில்லை என்று தெரியவந்தது. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

மின்னலும் வெல்டிங் பொறியும் பிளாஸ்மா என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தோல்மேல் வைத்தால் வெந்துபோகாதா?
– பிளஸ் டூ மாணவர், நாமக்கல்

வெல்டிங் பொறியில் எலக்ட்ரான், அயனி, சாதாரண மூலக்கூறு எல்லாமே சேர்ந்து சூடாகின்றன. குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களுக்கு மட்டும்தான் சூடு. அவற்றின் வெப்பநிலை பல்லாயிரம் டிகிரி இருக்கும். சுற்றியுள்ள வாயு 40 டிகிரியைத் தாண்டாது. புரோட்டானின் நிறையில் எலக்ட்ரான் 1,836-ல் ஒரு பங்குதான். பூசணிக்காய்மேல் கடுகை எறிந்தால் பூசணிக்காய் நகருமா? அதுபோலத்தான் எலக்ட்ரான் மோதலில் மூலக்கூறின் வேகம் கூடுவதில்லை. ஆனால் அதன் உள்பிணைப்பு உடையும், வேதிவினை தொடங்கும். மின்துடிப்பை நானோவினாடிக் கணக்கில் நிறுத்திவிட்டால், வாயு சூடாகும் முன்பே வேலை முடிந்துவிடும்.

கருவிகளில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. ஒன்று, மின்காப்புத் தடை வகை. ஆய்வகத்தில் சுருக்கமாக டி.பி.டி. என்பார்கள். மின்முனையின் முகப்பில் சுமார் 1 மி.மீ. தடிப்புள்ள குவார்ட்ஸ் அல்லது பீங்கான் தகடு இருக்கும். தகட்டுக்கும் தோலுக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. காற்று. காற்று உடைந்து மின்னைக் கடத்த மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் வேண்டும் என்பதால் பல கிலோவோல்ட் துடிப்பு தேவைப்படும். சில கருவிகளில் 20, 30 கிலோவோல்ட்கூட ஆகும். பயப்பட வேண்டாம். மின்னிழை தோன்றிய மறுகணமே தகட்டின்மேல் மின்னூட்டம் தேங்கி, சில பத்து நானோவினாடிகளில் அதை அணைத்துவிடும். பொறி பெரிதாகி நெருப்பாக மாற வழியில்லை. ஓசோன் தயாரிக்க வெர்னர் ஃபான் சீமன்ஸ் 1857-லேயே கையாண்ட உத்தி இது.

இன்னொன்று ஜெட் வகை. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உருவான கின்பென் கருவி 2013-ல் ஐரோப்பிய மருத்துவக் கருவிச் சான்று பெற்றது. பேனா போன்ற குழாயில் நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் ஆர்கான் ஓடும். சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் மின்னழுத்தத்தில் நுனியில் ஊதா நிறச் சுடர் தெரியும். விரலை நீட்டினால் இளஞ்சூடுதான். ஆறாத புண்ணுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை சுடரின் நுனியை மெதுவாக நகர்த்துவார்கள். இன்றைக்கு மருத்துவமனையில் ஏற்கப்பட்ட முதன்மைப் பயன் இந்தப் புண் ஆற்றுதல்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

வைரஸை அழிப்பதுதான் வேலை என்றால் இது ஒரு கிருமிநாசினி. இதில் இம்யூனோதெரபி (எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை) எங்கே வந்தது?
– செவிலியர், கோவை

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இரண்டும் வேறு வேலைகள். செய்தித்தாள்களில்தான் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

கிருமிநாசினி வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2020-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக், உலோகம், அட்டை, பதனிட்ட தோல் (லெதர்) ஆகியவற்றின்மேல் கொரோனா வைரஸை வைத்து ஆர்கான் பிளாஸ்மாவைக் காட்டினார்கள். 180 வினாடிக்குள் வைரஸ் செயலிழந்தது. ஆக்சிஜன் அணு, ஹைட்ராக்சில், சிங்லெட் ஆக்சிஜன், நைட்ரிக் ஆக்சைடு, ஓசோன் போன்றவை வைரஸின் புரத உறையையும் மரபுப் பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கின்றன. ஆனால் உடலுக்குள் இருக்கும் வைரஸ் மேசைமேல் கிடப்பதில்லை, செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே நானோவினாடிகளில் தீர்ந்துபோகும். திசுவுக்குள் ஆழமாகப் போய் வைரஸைத் தேடிப்பிடிக்கும் திறன் பிளாஸ்மாவுக்குக் கிடையாது.

நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வாளர்கள் வேறு வழியில் யோசிக்கிறார்கள். செல்லுக்கு அளவான ஆக்சிஜனேற்ற நெருக்கடி தந்தால், அது சத்தமில்லாமல் சாகாமல் ஊரைக் கூட்டிவிட்டுச் சாகும். வழக்கமாக எண்டோபிளாச வலைக்குள் இருக்கும் கால்ரெடிகுலின் என்ற புரதம் செல்லின் வெளிப்பரப்புக்கு வரும். விழுங்கும் செல்களுக்கு அது 'என்னைத் தின்னு' என்ற அறிவிப்பு. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. வெளியே கசியும், அது 'இங்கே வா' என்ற அழைப்பு. வெப்பஅதிர்ச்சிப் புரதங்கள் 70, 90 வெளியே தலைகாட்டும். கடைசியில் செல்லின் கருவிலிருக்கும் எச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம் வெளியேறும். டென்ட்ரைட் செல் வந்து அந்தச் செல்லை விழுங்கி, உள்ளே இருந்த வைரஸ் புரதத்தைத் துண்டாக்கி, நிணநீர்க் கணுவில் டி செல்களுக்குக் காட்டும். வைரஸைக் கொல்லும் பொறுப்பு இனி அந்த டி செல்களுடையது. பிளாஸ்மா காட்டிக்கொடுத்ததோடு சரி.

இந்த யோசனை புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் லின் குழு 2018-ல் எலிகளின் பெருங்குடல் புற்றுச் செல்களில் இப்படிப்பட்ட சாவை நானோவினாடித் துடிப்புகளால் வரவழைத்துக் காட்டியது. அதே பல்கலைக்கழகத்தின் வந்தனா மில்லர், ஃபிரெட் கிரெப்ஸ், பிரையன் விக்டால் ஆகியோர் அதை வைரஸ் பக்கம் திருப்பினார்கள்.

இதில் அளவுதான் எல்லாம். குறைவாகக் கொடுத்தால் செல் தன் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மரபணுக்களை முடுக்கிவிட்டுத் தேறிக்கொள்ளும். கூடினால் செல் கிழிந்து நெக்ரோசிஸ் ஆகும், வெளிவந்த எச்.எம்.ஜி.பி.1-ம் மிகையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து எதிர்ப்பைத் தூண்டும் தன்மையை இழக்கும். ஆக, அழைப்பு மணியை அடித்த கையே மணியை உடைத்தும்விடும்.

எச்.ஐ.வி.க்கு இதில் தீர்வு வரும் என்று யூடியூபில் பார்த்தேன். என் உறவினர் 9 ஆண்டுகளாக அதற்கான ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கிறார். நிறுத்திவிட்டு இதற்குக் காத்திருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக் கூடாது. மருந்தை விட்டால் உறங்கும் வைரஸ் பெரும்பாலும் சில வாரங்களில் இரத்தத்தில் மீண்டும் தலைதூக்கும். அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் அந்த மாத்திரைக்கு மாற்றாக நிற்கும் எந்தப் பிளாஸ்மா சிகிச்சையும் இன்று உலகில் இல்லை.

இருந்தாலும், அந்த வீடியோவின் பின்னால் உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. டிரெக்செல் குழு 2021-ல் ஜே-லாட் என்ற செல்களில் செய்தது அது. ஜே-லாட் என்பது ஜுர்காட் என்னும் டி செல் வகைக்குள் எச்.ஐ.வி. மரபணுவை உறங்கும் நிலையில் புகுத்தி உருவாக்கியது. பிளாஸ்மா பட்டதும் உறங்கிய வைரஸ் மரபணு விழித்தது. கால்ரெடிகுலினும் வெப்பஅதிர்ச்சிப் புரதங்களும் செல் பரப்பில் தோன்றின. இன்டர்லியூக்கின்-1 பீட்டா, இன்டர்ஃபெரான் காமா போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வெளிவந்தன. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் அந்தச் செல்களைக் கூடுதலாக விழுங்கின. எம்.எச்.சி. முதல் வகுப்பு மூலக்கூறுகளில் ஏந்திக் காட்டப்படும் புரதத் துண்டுகளின் பட்டியலும் மாறியது.

திட்டம் இதுதான்: நோயாளியின் இரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, உடலுக்கு வெளியே பிளாஸ்மா காட்டி, அவருக்கே தடுப்பூசிபோலத் திருப்பிச் செலுத்துவது. உடலுக்கு வெளியே செல்களைப் பதப்படுத்தித் திருப்பிச் செலுத்துவது புதிய சங்கதி அல்ல. தோலில் வரும் ஒருவகை டி செல் லிம்ஃபோமாவுக்கு, வெள்ளணுக்களைப் பிரித்து சோராலன் மருந்தும் புறஊதா ஒளியும் கொடுத்துத் திருப்பிச் செலுத்தும் ஃபோட்டோஃபெரசிஸ் 1980-களிலிருந்தே நடைமுறையில் உள்ளது.

எங்கள் கணிப்பில் இந்தத் திட்டத்தின் கடினமான இடம் பிளாஸ்மாவில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஜே-லாட் கிண்ணத்தில் எல்லாச் செல்லிலும் வைரஸ் மரபணு உண்டு. ஏ.ஆர்.டி. எடுக்கும் ஒருவரின் உடலில், ஓய்விலிருக்கும் சி.டி.4 வகை டி செல்களில் சுமார் பத்து லட்சத்துக்கு ஒன்றில்தான் மறுபடி எழக்கூடிய வைரஸ் உறங்குகிறது. அப்படியிருக்க, அவரது செல்களை எடுத்துப் பிளாஸ்மா காட்டினால் டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்க வைரஸ் புரதம் எவ்வளவு தேறும்? இரண்டாவது சிக்கல், ஜே-லாட் வைரஸ் உறைப் புரதம் செய்யாதபடி முடக்கப்பட்டது, எழுந்தாலும் தொற்றாது. நோயாளியின் வைரஸ் எழுந்தால் தொற்றும். ஆகவே திருப்பிச் செலுத்துமுன் அந்தச் செல்களைக் கதிர்வீச்சாலோ வேறு வழியிலோ முடக்கியாக வேண்டும். மூன்றாவது, பல ஆண்டுகள் உடலில் இருந்த வைரஸில் டி செல் அடையாளம் காணும் பகுதிகள் ஏற்கெனவே மாறிப்போயிருக்கும். இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் மனிதச் சோதனைப் பேச்சே.

எம்.எஸ்சி. திட்டப்பணியில் ஜுர்காட் செல்களுக்கு டி.பி.டி. பிளாஸ்மா 10 வினாடி கொடுக்கிறேன். ஒருநாள் பாதிச் செல்கள் சாகின்றன, மறுநாள் ஒன்றும் ஆவதில்லை. கால்ரெடிகுலின் அளவும் தாறுமாறு. எங்கே தவறு?
– மாணவி, திருச்சி

பல இடங்களில் இருக்கலாம். முதல் தவறு '10 வினாடி' என்று எழுதியதிலேயே இருக்கிறது. நேரம் ஒரு அளவு ஆகாது. ஒரு துடிப்புக்கு எத்தனை மில்லிஜூல், வினாடிக்கு எத்தனை துடிப்பு, எத்தனை வினாடி: மூன்றையும் பெருக்கினால் கிடைப்பதுதான் அளவு. உயர்மின்னழுத்த அளவுமுனையும் மின்னோட்ட அளவியும் வைத்து ஒவ்வொரு நாளும் ஆற்றலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செல் எந்தத் திரவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டி.எம்.ஈ.எம். எனும் செல் வளர்ப்பு ஊடகங்களில் பலவற்றில் 1 மில்லிமோலார் பைருவேட் உண்டு. பிளாஸ்மா தரும் ஹைட்ரஜன் பெராக்சைடை அது விழுங்கித் தீர்த்துவிடும். வழக்கமான ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் பைருவேட் இல்லை, ஆனால் உங்கள் ஆய்வகத்தில் யாராவது தனியாகச் சேர்த்திருக்கலாம். புட்டியின் லேபிளைப் படியுங்கள். சீரமும் இதே வேலையைச் செய்யும். கால்சியம், மக்னீசியம் உள்ள பாஸ்பேட் உப்புக்கரைசலில் செல்களைக் கழுவி, அதிலேயே பிளாஸ்மா காட்டி, குறித்த நேரம் வைத்திருந்து, பிறகு முழு ஊடகத்தைச் சேர்ப்பது நல்லது. ஒருநாள் உடனே ஊடகம் ஊற்றி, மறுநாள் டீ குடித்துவிட்டு வந்து ஊற்றினால் அவை இரண்டும் வெவ்வேறு சோதனைகள். தண்ணீரிலோ உப்புநீரிலோ மட்டும் செய்யாதீர்கள்; தாங்கல் இல்லாத நீர் பிளாஸ்மாவால் அமிலமாகிவிடும், செல் செத்தது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

திரவத்தின் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. 24 குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு சுமார் 1.9 ச.செ.மீ. அதில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் அரை மி.மீ. உயரம், 500 விட்டால் இரண்டரைக்கு மேல். மின்முனையின் இடைவெளியைத் தட்டின் அடியிலிருந்து அளந்தால் திரவத்தின் அளவு மாறும்போதெல்லாம் உண்மையான இடைவெளியும் மாறும். திரவத்தின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். 1 மி.மீ. இடைவெளியில் 0.1 மி.மீ. பிசகு பத்து விழுக்காடு, அதனால் திருகு மைக்ரோமீட்டர் உள்ள தாங்கி அவசியம். அதே ஆற்றலுக்குக் குறைந்த திரவத்தில் பெராக்சைடு செறிவு ஏறும். செல் எண்ணிக்கை கூடினால் ஒரு செல்லுக்குரிய பங்கு குறையும். இவை இரண்டையும் மாற்றாமல் வையுங்கள். தட்டின் கீழே புவித்தொடர்பு உள்ள உலோகத் தகடு இருக்கட்டும். மரமேசையிலிருந்து ஸ்டீல் மேசைக்கு மாறினாலே மின்னோட்டம் மாறும்.

காற்றின் ஈரப்பதம் ஹைட்ராக்சில், பெராக்சைடு அளவை மாற்றும். மழைநாளில் ஒரு முடிவும் வெயில்நாளில் வேறொன்றும் வந்தால் சந்தேகத்தை முதலில் அங்கே வையுங்கள். ஈரப்பதமானியின் எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். பிற்பாடு ஜெட் கருவிக்கு மாறினால் சிலிக்கோன் குழாய் வேண்டாம். சுவர் வழியே ஈரம் உள்ளே ஊறும். டெஃப்ளான் அல்லது உலோகக் குழாய் போட்டு, வேலைக்கு முன் வாயுவைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ஜெட்டில் ஆவியாகும் நீரை எடை போட்டுப் பார்த்துக் காய்ச்சி வடித்த நீரால் ஈடுகட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் உப்புச் செறிவு ஏறி அதனாலேயே செல் சாகும்.

பெராக்சைடை டைட்டானியம் ஆக்சிசல்ஃபேட் கொண்டு 407 நானோமீட்டரில் அளப்பவர் என்றால் ஒரு கண்ணி உண்டு. அந்த வினைப்பொருள் அமிலம். பிளாஸ்மா உண்டாக்கிய நைட்ரைட் அந்த அமிலத்தில் பெராக்சைடைத் தின்றுவிடும், அளவு குறைவாகத் தெரியும். அமிலம் சேர்க்கும் முன் மாதிரியில் சோடியம் அசைடு சேர்த்தால் நைட்ரைட் நீங்கும். அசைடு கொடிய நஞ்சு. ஃபியூம் ஹூட்டில் மட்டும் கையாளுங்கள், உலோகக் குழாய் உள்ள தொட்டியில் கொட்டவே கூடாது. வெடிக்கும் உப்பு உண்டாகும்.

கால்ரெடிகுலினுக்கு வருவோம். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செத்துக் கிழிந்த செல்லுக்குள் எதிர்ப்பொருள் புகுந்து, உள்ளே இருக்கும் கால்ரெடிகுலினைச் சாயமேற்றிவிடும். புரோபிடியம் அயோடைடு ஏற்காத செல்களை மட்டும் கணக்கில் எடுங்கள். உங்கள் 'தாறுமாறு' பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். ஏ.டி.பி.யை ஊடகத்திலிருந்து சீக்கிரமே அளக்க வேண்டும், செல் பரப்பு நொதிகள் அதைச் சிதைக்கும். எச்.எம்.ஜி.பி.1-க்கு 24 மணி நேரம் பொறுக்கலாம். ஒப்பீட்டுக் குழுக்கள் நான்கு வேண்டும்: மின்சாரம் இல்லாமல் மின்முனையை வைத்தது, அதே செறிவு பெராக்சைடு மட்டும் சேர்த்தது, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்துப் பிளாஸ்மா காட்டியது, இப்படிப்பட்ட சாவை வரவழைக்கும் மைட்டோசான்ட்ரோன் மருந்து கொடுத்தது. இரண்டாவது குழுவும் பிளாஸ்மாக் குழுவும் ஒரே முடிவைத் தந்தால், நீங்கள் ஆராய்ந்தது பெராக்சைடைத்தான்.

கையில் பாலுண்ணி (மரு). பியூட்டி பார்லரில் 'பிளாஸ்மா பேனா'வால் எடுப்பதாகச் சொல்கிறார்கள். இதே தொழில்நுட்பமா?
– வாசகி, சேலம்

இல்லை. அது தோலுக்குப் பொறி பாய்ச்சிக் கருக்கும் கருவி. தொட்ட இடத்தில் கரும்புள்ளி விழுவதே சாட்சி. மாநிறத் தோலில் அந்தப் புள்ளி மாதக்கணக்கில் கறையாக நிற்கலாம்.

உண்மையான குளிர் பிளாஸ்மாவை மருவுக்குப் பயன்படுத்திய சிறிய அனுபவத் தொகுப்புகள் அமெரிக்காவில் வெளிவந்திருக்கின்றன. 2020-ல் வந்த ஒன்று குழந்தைகளைப் பற்றியது. ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. குழந்தைகளின் மரு பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே உதிர்ந்துவிடும் என்பதால் ஒப்பீடு இல்லாத வெற்றியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் எதிர்ப்பாற்றல் கோணத்தில் மரு நல்ல இலக்கு. மருவை உண்டாக்கும் வைரஸ் மேல்தோலிலேயே தங்கி, இரத்தத்தில் கலக்காமல், எதிர்ப்புப் படையின் கண்ணில் படாமல் காலம் ஓட்டுகிறது. பிளாஸ்மா எட்டும் ஆழத்திலும் இருக்கிறது. எச்.ஐ.வி.யைவிட இதற்கு முன்னதாக வழி பிறக்கும் என்பது எங்கள் எண்ணம்.

இப்போதைக்கு: இரவில் 5 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, வெண்ணிறத் தோலை மெல்ல உரசி, சாலிசிலிக் அமிலம் 17 விழுக்காடு உள்ள மருந்தை மருவின்மேல் மட்டும் தடவுங்கள். 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். முகம், பிறப்புறுப்பு, சர்க்கரை நோயாளியின் கால் என்றால் கைவைத்தியம் வேண்டாம்.

கண்ணில் அடிக்கடி ஹெர்பிஸ் வருகிறது. பிளாஸ்மா உதவுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லை

2014-ல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் வேறொரு குழு ஆய்வகக் கருவிழிச் செல்களில் ஹெர்பிஸ் பெருக்கத்தை டி.பி.டி. பிளாஸ்மா தடுப்பதைக் காட்டியது. உயிருள்ள மனிதக் கண்ணுக்கு அது இன்னும் வரவில்லை. வைரஸ் குடியிருக்கும் இடமோ முக்கிளை நரம்பு முடிச்சு, அங்கே பிளாஸ்மா எட்டாது. ஏசைக்ளோவிர் மாத்திரை தொடர்ந்து எடுத்தால் மறுபடி வருவது குறையும். எத்தனை மாதம் என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். கண் சிவந்ததும் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள் ஐயா. கிளைபிரிந்த ஹெர்பிஸ் புண் அதனால் கருவிழி முழுக்கப் படரும்.

கோழிப் பண்ணைக்கு ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், பல்லடம்

உண்டாகலாம். வெள்ளைக்கழிச்சல் வைரஸை ஃபார்மலின் போடாமல் பிளாஸ்மாவால் செயலிழக்கச் செய்து, அதையே தடுப்பூசியாகக் கோழிகளுக்குப் போட்டு எதிர்ப்பொருள் உண்டாவதைச் சீன ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். வணிகத் தடுப்பூசியாக வாங்கக் கிடைக்காது; உங்கள் லசோட்டா தடுப்பூசி அட்டவணையை மாற்ற வேண்டாம்.

கருவி ஓடும்போது மின்னல் வெட்டிய மணம் வருகிறது. ஆபத்தா?
– ஆய்வக உதவியாளர், சென்னை

அது ஓசோன். வேலையிடத்தில் 8 மணி நேரச் சராசரி 0.1 பி.பி.எம்.ஐத் தாண்டக் கூடாது. மூக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே மணத்தைப் பிடித்துவிடும், ஆனால் சில நிமிடங்களில் பழகிப்போய் விட்டுவிடும். 'இப்போது மணம் இல்லை' என்பதை நம்ப முடியாது. மின்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உறிஞ்சுகுழாய் வையுங்கள். ஓசோன் அளவியை நீங்கள் மூச்சுவிடும் உயரத்தில் மாட்டுங்கள். நைட்ரஜன் டைஆக்சைடும் உண்டாகும், அதற்குத் தனி அளவி. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டி.பி.டி. ஓடும் மேசைக்கு அருகில் வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டுங்கள்.